கம்பி உடையும்போது சத்தம் வருமா, சார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பேத்தி போன் செய்தாள். கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அப்புச்சி, என்னையக் கிளாஸ் கமிட்டியில ரெப்பாப் போட்டுட்டாங்க. புதன்கிழமை மீட்டிங். அங்க போயி என்னங்க பேசறது?" என்று கேட்டாள். வகுப்பு ஆசிரியையிடமும் இதைக் கேட்டிருக்கிறாள். "எல்லாம் நல்லாப் போகுதுன்னு சொல்லிட்டு, டீ குடிச்சிட்டு வா" என்றாராம்.

அந்த ஆசிரியை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், இயந்திரவியல் துறையில் 27 வருடம் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதி வருடங்கள் என் மாணவர்களிடம் நானும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். டீயுடன் ஒரு மெதுவடையும் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் உங்கள் நாளிதழில் கட்-ஆஃப், தரவரிசை, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்று பக்கம் பக்கமாக வருகிறது. நல்ல காரியம். சேர்ந்த பிறகு நான்கு வருடம் உள்ளே என்ன நடக்கிறது, படிப்பின் தரம் பற்றிப் படிக்கிற பிள்ளை வாய் திறக்க எங்கே இடம் இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். எனக்குத் தெரிந்த ஒரே ஒரு இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பெற்றோர்களில் பெரும்பாலோருக்குக் கிளாஸ் கமிட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான ஒழுங்குமுறைகளில் அது எழுதியே இருக்கிறது. 2013, 2017, 2021 என்று ஒழுங்குமுறை மாறிக்கொண்டே வந்தாலும் இது மட்டும் மாறாமல் வருகிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குழு. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், குறைந்தது நான்கு மாணவப் பிரதிநிதிகள் (இவர்கள்தான் ரெப்), வழக்கமாக இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். தலைவராக வருபவர் அந்த வகுப்புக்குப் பாடமே எடுக்காதவராக இருக்க வேண்டும். செமஸ்டர் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் முதல் கூட்டம், அப்புறம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று. கூட்டம் முடிந்த இரண்டு நாளுக்குள் தலைவர் மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் பேசியதன் குறிப்பு, எழுதி முதல்வரிடம் கொடுத்துவிட்டு, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சுற்றுக்கு விட வேண்டும். தொழிற்சாலைகளில் இருக்கும் குவாலிட்டி சர்க்கிள் போன்றது இது என்று அந்த விதியிலேயே ஒரு வரி வருகிறது.

குவாலிட்டி சர்க்கிள் ஜப்பானில் 1960களில் பிறந்து, 1980களின் தொடக்கத்தில் ஐதராபாத்தில் உள்ள பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை வழியாக நம் நாட்டுக்குள் வந்த பழக்கம். லேத் ஏன் பிசகுகிறது என்று மேனேஜரை விட லேத்தில் நிற்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும், அவனை உட்கார வைத்துக் கேள் என்பதுதான் அதன் சாரம். வகுப்பறைக்கு இதைக் கொண்டுவந்தவர் யாரோ, நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்.

நாங்கள் அதை என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெப் யார் என்பதை வகுப்பு ஆசிரியர் முடிவு செய்வார். முதல் பெஞ்சில் இருந்து இரண்டு பேர், அட்டெண்டன்ஸ் எடுக்க உதவுகிற ஒரு பையன், கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரு பெண். கூட்டம் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறையில், மதியம் மூன்றரைக்கு. எட்டு ஆசிரியர்கள் நாற்காலியில், நான்கு பிள்ளைகள் சுவரோரம் நின்றுகொண்டு. அவர்களை உட்காரச் சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குப் பல வருடம் தோன்றவில்லை. நான் ஒவ்வொரு பாடமாகப் படிப்பேன். "தெர்மோ?" "ஓகே சார்." "மேத்ஸ்?" "ஓகே சார்." இருபது நிமிடத்தில் வடை வந்துவிடும். மினிட்ஸை நான் அநேகமாக முதல் நாளே எழுதி வைத்திருப்பேன். "பாடங்கள் திட்டமிட்டபடி நடைபெறுகின்றன. மாணவர்கள் திருப்தி தெரிவித்தனர்." போன செமஸ்டர் தாளில் தேதியை மட்டும் மாற்றினால் போதும். ஒருமுறை தேதியை மாற்றவும் மறந்துவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

2014 என்று நினைவு. இரண்டாம் ஆண்டு வகுப்பு ஒன்றுக்கு நான் தலைவர். வழக்கம்போல வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேப், அதாவது பொருள்களின் வலிமையைச் சோதிக்கும் லேப், வந்தது. "லேப் எப்படிப் போகுது?" மூன்று பேர் "ஓகே சார்" என்றார்கள். நான்காவது பெண் ராசிபுரம் பக்கம், அப்பா பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். சத்தமாகப் பேசிக் கேட்டதே இல்லை. அவள் கேட்டாள்: "சார், கம்பி உடையும்போது சத்தம் வருமா?"

அறையில் யாரும் பேசவில்லை. லேப் பார்க்கும் ஆசிரியர் தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியியல் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். அந்த லேபில் முதல் சோதனையே இழுவிசைச் சோதனைதான். யூ.டி.எம். என்கிற பெரிய இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே 12 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் கம்பியைக் கவ்வ வைத்து, மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். ஏறத்தாழ 30 கிலோ நியூட்டன் வரும்போது முள் ஏறாமல் கொஞ்ச நேரம் தயங்கும். கம்பி இணங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மறுபடி ஏறி, 47 பக்கம் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் கம்பியின் ஓரிடம் இடுப்பு மாதிரி ஒடுங்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு டப் என்று துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தால் ஒரு முனை கிண்ணம் மாதிரி, மறு முனை கூம்பு மாதிரி இருக்கும். ஒடுங்கிய இடத்தைத் தொட்டால் சூடு தெரியும். நான்கு வருடப் படிப்பில் பல சமன்பாடுகள் மறந்துபோகலாம். அந்தச் சூடு மறக்காது.

எங்கள் யூ.டி.எம். அப்போது 14 மாதமாக ஓடவில்லை. ஆயில் சீல் போய்விட்டது, பம்ப்பிலும் ஏதோ கோளாறு. கொட்டேஷன் வாங்கி அலுவலகத்தில் கொடுத்திருந்தோம், அது எந்த மேஜையிலோ கிடந்தது. பிள்ளைகள் லேபுக்கு வந்து, இயந்திரத்தைச் சுற்றி நின்று, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு நான் பழைய ரெக்கார்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. யாரோ ஒரு பையன் 47 என்பதை 74 என்று எழுதியிருக்கிறான். அவனைப் பார்த்து எழுதிய அடுத்த பேட்ச் முழுக்க 74. கணக்குப் போட்டால் சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு 650 மெகாபாஸ்கலுக்கு மேல் வருகிறது. எந்த இரும்புக் கடைக்காரரும் சிரிப்பார். அத்தனை ரெக்கார்டிலும் எங்கள் சிவப்பு மை டிக் இருந்தது.

சரி, அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் நான் மினிட்ஸில் உள்ளபடி எழுதினேன். "யூ.டி.எம். 14 மாதமாகப் பழுது. மாணவர்கள் சோதனை செய்யாமல் ரீடிங் எழுதுகிறார்கள்." மறுநாள் எச்.ஓ.டி. கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், என்னை விட ஐந்து வயது இளையவர். "சார், இது ஃபைலுக்குப் போற பேப்பர். நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல எடுத்துப் பாத்தா நம்ம தலைதான் உருளும்" என்றார். நான் வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன்: "ஆய்வக வசதிகளை மேலும் மேம்படுத்துமாறு மாணவர்கள் கேட்டுக்கொண்டனர்." இந்த வரியை எழுதிய கை என்னுடையது. வேறு யார் மேலும் பழி போட எனக்கு உரிமை இல்லை.

விதிப்படி அந்தத் தாளின் நகல் ரெப்களுக்குப் போனது. இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள், கையில் அந்தத் தாளோடு. "சார், நான் இப்பிடியா சார் சொன்னேன்?" அவ்வளவுதான் கேட்டாள். என்னை அவமானப்படுத்த வந்த மாதிரித் தெரியவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற முகம். தான்தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக நாலு நாற்காலி கூடுதலாகப் போடச் சொன்னேன். அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே மினிட்ஸில் எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, "நடவடிக்கை: யார், எந்தத் தேதிக்குள்" என்று தலைப்புக் கொடுத்தேன். எச்.ஓ.டி. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஏழாவது வாரம் இயந்திரம் ஓடியது. அதற்கு மினிட்ஸ் மட்டுமே காரணம் என்று நான் பெருமை அடிக்க முடியாது. ஆய்வுக் குழு வருகிற தேதியும் நெருங்கியிருந்தது. ஆனால் முதல்வர் அலுவலகத்தில் அந்தக் கொட்டேஷனைத் தேடி எடுத்தபோது மேலே குத்தியிருந்தது எங்கள் மினிட்ஸ்தான் என்று கிளார்க் சொன்னார்.

முதல் கம்பி உடைந்தபோது பக்கத்து லேபில் இருந்து இரண்டு பையன்கள் என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள். அந்தப் பெண் உடைந்த துண்டை கர்ச்சீப்பில் சுற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒரு துண்டு குறைவு என்று லேப் உதவியாளர் முனகினார். நான் கண்டுகொள்ளவில்லை.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. "மாணவர் கருத்து" என்ற பெயரில் இன்று கல்லூரிகளில் நடப்பதெல்லாம் படிவம்தான். செமஸ்டர் முடிவில் ஆன்லைன் ஃபீட்பேக். எங்கள் கல்லூரியில் அதை நிரப்பாவிட்டால் ஹால் டிக்கெட் தர மாட்டார்கள். ரோல் நம்பர் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அப்புறம் "உங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும்" என்று ஒரு வரி வரும். பிள்ளைகள் என்ன முட்டாள்களா? பஸ்ஸுக்கு நிற்கும்போதே கட்டைவிரலால் எல்லாவற்றுக்கும் ஐந்து ஐந்தாகத் தட்டிவிட்டுப் போவார்கள். இன்னொரு படிவம் பாடத்தின் நோக்கங்கள் எட்டப்பட்டனவா என்று கேட்கும். அதன் சராசரியை எக்செல்லில் போட்டு பொறியியல் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் என்.பி.ஏ.வுக்கான ஃபைலில் சேர்ப்போம். எண் குறைவாக வந்தால் எண்ணைத்தான் சரிசெய்வோம்.

கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் அமைப்பின் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு என்று ஒன்று 2017க்குப் பிறகு வந்தது. முதல் கேள்வியே நல்ல கேள்வி: வகுப்பில் பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தப்பட்டது? 85 முதல் 100 சதவீதம், 70 முதல் 84 என்று இறங்கிக்கொண்டே வரும். கடைசிக் கேள்வி இன்னும் நல்ல கேள்வி, கற்பித்தல் மேம்பட மூன்று யோசனைகளை உன் வார்த்தையில் எழுது என்று கேட்கும். ஆனால் ஒரு கல்லூரிக்கு மாணவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் பதில் போட்டால் போதும் என்றுதான் வைத்திருந்தார்கள். 2,400 பேர் படிக்கிற இடத்தில் 100 பேர். அந்த மூன்று யோசனைகள் எழுதிய பிள்ளைக்கு, அதை யார் படித்தார், என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பச் சொல்வதில்லை. கிணற்றில் கல் போட்டால்கூடச் சத்தம் கேட்கும்.

கிளாஸ் கமிட்டியில் அந்த வசதி இருக்கிறது. சொன்னவள் பார்க்கிறாள், கேட்டவன் எழுதுகிறான், எழுதியதைச் சொன்னவளிடமே திருப்பிக் காட்ட வேண்டியிருக்கிறது. என்னைத் திருத்தியது அந்தக் கடைசிப் படிதான். அது மட்டும் விதியில் இல்லாவிட்டால் "மேலும் மேம்படுத்துமாறு" என்ற வரியோடு நான் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பேன்.

பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. முக்கியமான கேள்விகள் மட்டும் கொடுங்கள் என்பார்கள். நோட்ஸ் டிக்டேட் பண்ணச் சொல்வார்கள். ஒரு வகுப்பு தெர்மோடைனமிக்ஸ் ஆசிரியரை மாற்றச் சொல்லி ஒரே பிடியாக நின்றது, "அவர் நடத்தறது புரியல" என்று. அவர் எங்கள் துறையிலேயே கெட்டிக்காரர். தோண்டித் துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. 62 பேர் வகுப்பில் ஸ்டீம் டேபிள் (நீராவி பற்றிய எண்களின் அட்டவணை) புத்தகம் வைத்திருந்தவர்கள் 11 பேர். மற்றவர்களுக்கு அவர் படிக்கச் சொன்ன எண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றே தெரியவில்லை. நூலகத்தில் இருந்து 30 பிரதி வகுப்புக்கு வந்ததும் கலவரம் அடங்கியது. வியாதி ஒன்றாக இருக்கும், வலிக்கிற இடம் வேறாக இருக்கும். டாக்டர் அதற்காக நோயாளியைப் பேசாதே என்று சொல்வாரா?

பயம் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஒழுங்குமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 20 மார்க்தான். 2021இல் அது 40 ஆகிவிட்டது. தொடர் மதிப்பீடு நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையில் 40 மார்க் இருக்கும்போது, "நீங்கள் மூன்றாம் யூனிட்டை நடத்தவே இல்லை" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? கடைசி ஐந்தாறு வருடம் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். கூட்டத்துக்கு முந்தின நாள் ரெப் நால்வரும் வகுப்பில் ஆசிரியர் இல்லாமல் அரை மணி நேரம் பேசி, பெயர் போடாமல் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். அதைக் கூட்டத்தில் நான் வாசிப்பேன், என் குரலில். யார் சொன்னது என்று தேட வழியில்லை. ரெப்களையும் வகுப்பே சீட்டு எழுதித் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டேன். முதல் தடவை கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் வந்தான், ஏழு அரியர். மற்றவர்கள் சிரித்தார்கள். எந்தெந்தப் பாடம் எந்தெந்த இடத்தில் கை நழுவுகிறது என்று அவனைப் போல விவரமாகச் சொன்னவர் யாரும் இல்லை.

பாடத்திட்டம் எழுதும் இடத்தில் இன்னும் மோசம். இப்போது பல கல்லூரிகள் தன்னாட்சி வாங்கிப் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கின்றன. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி பாடத்திட்டக் குழுவில் துறைத் தலைவர், ஆசிரியர்கள், வெளி நிபுணர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில் துறையில் இருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் என்று எல்லாருக்கும் நாற்காலி இருந்தது. படித்துக்கொண்டிருக்கிற மாணவருக்கு மட்டும் இல்லை. பக்கத்தில் இலங்கையில் 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டமே பீடச் சபையில் மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் இருவருக்கு இடம் கொடுத்துவிட்டது. ஐரோப்பிய நாடுகள் 2015இல் ஆர்மீனியத் தலைநகர் எரவானில் ஏற்றுக்கொண்ட உயர்கல்வித் தர நெறிகளில், கல்லூரியை ஆய்வு செய்ய வெளியில் இருந்து வரும் குழுவிலேயே ஒரு மாணவர் இருக்க வேண்டும். இங்கே ஆய்வுக் குழு வரும்போது மாணவர்களுக்கு நாங்கள் ஒத்திகை நடத்தினோம். எந்த வரிசையில் யார் உட்கார வேண்டும் என்பது உட்பட.

பெரிய சட்டத் திருத்தம் எதுவும் நான் கேட்கவில்லை. கிளாஸ் கமிட்டி மினிட்ஸை வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். அதில் போன கூட்டத்தில் சொன்னது என்ன, நடந்தது என்ன என்ற இரண்டு பத்தி இருக்கட்டும். நடக்காவிட்டால் "நடக்கவில்லை, காசு இல்லை" என்றே எழுதுங்கள். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு இறுதி ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேச விடட்டும். கூப்பிடக் கூடாது என்று எந்த விதியிலும் நான் படித்ததில்லை. பெற்றோரும் கட்டணம் கட்டப் போகிற அன்றைக்கு, "மினிட்ஸ் எங்கே ஒட்டியிருக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பேத்தி நேற்று ராத்திரி மறுபடி கூப்பிட்டாள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபில் 66 பேருக்கு 41 கம்ப்யூட்டர், அதில் ஓடுவது 33 என்று எண்ணிவிட்டாளாம். எந்தெந்த நம்பர் ஓடவில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறாள். "இதச் சொன்னா ஏதாச்சும் ஆயிருமா அப்புச்சி?" என்றாள். மினிட்ஸ் நகல் கைக்கு வந்ததும் வாட்ஸ்ஆப்பில் எனக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இணைப் பேராசிரியர், இயந்திரவியல்,
நாமக்கல் மாவட்டம்.

(என் பெயரை வெளியிட வேண்டாம். அந்தக் கல்லூரியில் என் நண்பர்கள் இன்னும் வேலை பார்க்கிறார்கள்.)